நாலாவது பிளாப்பி

அம்மாவின் குரல் ஏழு துண்டுகளாக வந்தது.

என் ஒன்பதாவது பிறந்தநாள் ஓணம் விடுமுறையில், ஒரு சனிக்கிழமை. குரல் அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. ஆனால் அது வந்து சேர்ந்தது எங்கள் வீட்டுக்கல்ல. உதியன்குளங்கரை ஜங்ஷனில் ஒரு பேக்கரியின் மாடியில் இருந்த இன்டர்நெட் கஃபேக்கு. மாமா அங்கேதான் வேலை பார்த்தார். "அக்கா பேசி அனுப்பியிருக்கா! பன்னிரண்டு நிமிஷம் உண்டு!" என்று அவர் அங்கிருந்து போனில் கத்தியது, போன் இல்லாமலே எங்கள் வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

அம்மா அப்போது குவைத்தில் நர்ஸ். போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் போன் செய்வாள். ஆனால் அந்தப் போனை எனக்கு, அப்பாவுக்கு, மாமாவுக்கு என்று பங்கு வைத்தால் ஆளுக்கு நாலு வாக்கியம்கூடத் தேறாது. அதிலும் பாதி "கேக்குதா? கேக்குதா?" என்பதிலேயே போய்விடும். என் பிறந்தநாளன்று அவளுக்கு டூட்டி, கூப்பிட முடியாது. அதனால் கூட வேலை பார்த்த ஒரு நர்ஸின் வீட்டுக்குப் போய், அந்த நர்ஸின் கணவர் வைத்திருந்த கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, எனக்காகப் பேசிப் பதிவு செய்திருந்தாள்.

பெரிய கோப்பு எதையும் ஒரே மெயிலில் அனுப்ப முடியாத காலம் அது. அந்த நல்ல மனிதர் அம்மாவின் குரலைச் சுருக்கி ஒரு மூட்டையாகக் கட்டி, மூட்டையை ஏழாக வெட்டி, ஏழு மெயில்களில் ஒட்டி அனுப்பினார். அனுப்பிய மறுநாள் வேலையை முடித்துக்கொண்டு குடும்பத்தோடு சொந்த ஊருக்கு விமானமும் ஏறிவிட்டார். இன்னொரு தடவை அனுப்பச் சொல்ல ஆள் இல்லை. ஏழு துண்டையும் வரிசை மாறாமல் ஒட்டினால்தான் மூட்டை அவிழும். ஒன்று பிசகினாலும் அவிழாது. இதை மாமா எனக்கு ஒரு தேங்காய் பன்னைப் பிய்த்து விளக்கிவிட்டு, விளக்கத்தைத் தின்றும் விட்டார்.

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் என்னைவிட மூத்தது. அப்பா வீடு கட்டுகிறவர்களுக்குப் பிளான் வரைந்து கொடுப்பவர். திருவனந்தபுரத்தில் ஓர் அலுவலகம் பழையதைக் கழித்தபோது, அதை ஒரு ஜீப்பில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். வாங்கியபோது வெள்ளையாக இருந்திருக்க வேண்டும். எனக்கு நினைவு தெரிந்த நாளாக அது பால் குறைந்த காப்பி நிறம். மோடம் கிடையாது, சிடி நுழையும் வாய் கிடையாது, பிளாப்பி மட்டும் நுழையும். சத்தம் வருவதற்கான கார்டை மாமா எங்கிருந்தோ கழற்றிக்கொண்டுவந்து பொருத்தியிருந்தார். சுவிட்சைப் போட்டுவிட்டுப் பல் தேய்த்து முகம் கழுவி வந்தால் சரியாக விழித்துக்கொள்ளும்.

ஆகவே ஏற்பாடு இப்படி. மாமா கஃபேயில் ஏழு துண்டையும் இறக்கி, ஏழு பிளாப்பிகளில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். அப்பா அவற்றை எங்கள் கம்ப்யூட்டரில் ஒட்டி விரிக்க வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் கேக் வெட்டிவிட்டு நாங்கள் எல்லோரும் அம்மாவைக் கேட்க வேண்டும்.

இருவரும் எப்படிப்பட்டவர்கள் என்று சொல்லிவிடுகிறேன். மாமா அம்மாவின் தம்பி; அப்பாவுக்கு 'அளியன்', அதாவது மைத்துனர். அம்மா போன பிறகு எங்களோடுதான் இருந்தார். பேசாமல் இருந்தால் மூச்சு முட்டிவிடும் என்று நம்பியவர். அப்பா கோடு போடும்போது பேசினால் கோடு கோணும் என்று நம்பி, கோடு போடாதபோதும் பேசாமல் இருந்தவர்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மாமா ஸ்கூட்டரில் ஒரு பெரிய பையோடு வந்து இறங்கினார். காரோடு என்ற ஊரில் கல்யாணங்களுக்கு மைக் செட் போடும் அவருடைய நண்பனிடம் இரண்டு ஸ்பீக்கர் இரவல் வாங்கியிருந்தார். "அக்கா பேசினா அடுத்த வீட்டு டீச்சருக்கும் கேக்கணும்" என்றார். முதல் பிளாப்பியை உள்ளே தள்ளினோம். கம்ப்யூட்டர் கொஞ்சநேரம் கர்ர், கர்ர் என்று பல்லைக் கடித்தது. பிறகு படிக்க முடியவில்லை என்று எழுதிக் காட்டியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும்.

அப்பா பையைப் பார்த்தார்.

"அளியா, இதை எங்க வெச்சுக் கொண்டுவந்தது?"

"பையிலதான் அத்தான். ஸ்பீக்கருக்க மேல, ஆடாம அசையாம வெச்சேன்."

அப்பா மேஜையிலிருந்து ஒரு குண்டூசியை எடுத்து ஸ்பீக்கரின் பின்புறத்தில் காட்டினார். டக்கென்று போய் ஒட்டிக்கொண்டது.

"உள்ள இருக்கது காந்தமாக்கும். பிளாப்பியில எழுதியிருக்கதும் காந்தத்தாலயாக்கும்."

மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். "அய்யோ, அக்காவ நானே அழிச்சுட்டேனே!"

இந்த மாதிரி வாக்கியத்தை ஒன்பது வயதாகப் போகிற பெண் முன்னால் சொல்லக் கூடாது. நான் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டு டீச்சர் ஸ்பீக்கர் இல்லாமலே ஓடிவந்துவிட்டார். அப்பா என்னை மடியில் இழுத்துக்கொண்டு, அழிந்தது நகல்தான், அசல் ஏழும் மெயில்பெட்டியில் அப்படியே இருக்கின்றன என்று சொன்னார். அசல், நகல் என்ற இரண்டு சொற்களையும் நான் வாழ்க்கையில் முதன்முதலாக முழு மனதோடு கேட்டது அன்றைக்குத்தான்.

மறுநாள் மாமா பிளாப்பிகளைப் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, டப்பாவைத் துவாலையில் சுற்றி, ஒரு கையால் மார்போடு அணைத்து, மறு கையால் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு வந்தார். ஏழும் படித்தன. அப்பா ஏழையும் ஒட்டி விரிக்கச் சொன்னார். திரையில் ஒரு நீலக் கோடு நகர ஆரம்பித்தது. பாதி தாண்டியபோது நான் மூச்சை நிறுத்திக்கொண்டேன். கோடும் நின்றது. 'சிஆர்சி எரர்' என்று வந்தது.

மூட்டை கட்டும்போதே உள்ளே இருப்பதற்கு ஒரு அடையாள எண் எழுதி வைத்துவிடுமாம். அவிழ்க்கும்போது அந்த எண் ஒத்து வராவிட்டால், உள்ளே ஏதோ மாறியிருக்கிறது என்று அர்த்தமாம். மாமா கரண்டின் மேல் பழி போட்டார், மழையின் மேல் போட்டார், கம்ப்யூட்டரின் வயதின் மேல் போட்டார். அப்பா ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு என்னைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்தார். ஒவ்வொரு துண்டுக்கும் எதிரே அதன் அளவு இருக்கும், அதை வாசி என்றார். நான் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற குரலில் வாசித்தேன். முதல் நாலும் ஒரே எண். ஐந்தாவது வேறு.

"அஞ்சு மட்டும் மெலிஞ்சு இருக்கு அப்பா."

ஏழாவது கடைசித் துண்டு, மிச்சம் மீதி. அது சிறிதாகத்தான் இருக்கும். ஐந்தாவது மெலியக் கூடாது. கஃபேயில் போன் லைன் நடுவில் அறுந்திருக்கிறது. வந்தது போதும் என்று அங்கிருந்த கம்ப்யூட்டர் நினைத்து, பாதியோடு நிறுத்திக்கொண்டிருக்கிறது. அப்பா என் தலையில் பென்சிலால் லேசாகத் தட்டினார். அவரிடமிருந்து அதற்கு மேல் பாராட்டு எதிர்பார்க்கக் கூடாது.

வியாழக்கிழமை ஐந்தாவது துண்டு புஷ்டியாக வந்தது. அளவெல்லாம் ஒத்துப்போயிற்று. நீலக் கோடு முந்தைய நாள் நின்ற இடத்தைத் தாண்டியபோது மாமா எழுந்து நின்று கை தட்டினார். இன்னும் கொஞ்சம் போய், அது மறுபடியும் நின்றது. அதே எரர்.

மாமா மெல்ல உட்கார்ந்தார். பிறகு தாழ்ந்த குரலில், "அங்கேயே கெட்டுப்போயிருக்கும் அத்தான். கெட்டதக் கெட்டபடி வெட்டி அனுப்பியிருப்பாரு" என்றார். அப்படியானால் அம்மா பேசிய பேச்சு உலகத்தில் எங்குமே இல்லை என்று அர்த்தம். நான் பின்பக்கம் மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்துக்குள் போய் உட்கார்ந்து, குவைத்தைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு கெட்ட வார்த்தைதான். அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை மதியம் அம்மாவின் போன் வந்தது.

"கேட்டியா மக்கா?"

"இல்லம்மா. மூட்டை அவுரல."

"நாலு நாளாவா? உனக்க மாமனுக்க கையில குடுத்தா பின்ன எப்பிடி அவுரும்! அப்பாக்கிட்ட சொல்லு, எப்பிடியாவது கேக்கணும்னு. இனியொருக்க என்னால அப்பிடிப் பேச முடியாது, கேட்டியா?"

அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது போலிருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னேன். "ம்" என்றார். போனை வைத்த கையோடு கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு ஏறிக்கொண்டேன். ஏழு பெயர்களும் ஒன்றன் கீழ் ஒன்றாகத் திரையில் நின்றன. முதல் ஆறுக்கும் ஒரே எண்.

எங்கள் வகுப்பில் இரட்டைப் பிள்ளைகள் இருவர் இருந்தார்கள். ஒருத்தி வராத அன்று மற்றவள் இரண்டு பேருக்கும் சேர்த்து "பிரசன்ட்" சொல்லிவிடுவாள், இடத்தை மட்டும் மாற்றி உட்கார்ந்துகொண்டு. டீச்சர் ஒரு மாதம் கழித்துத்தான் கண்டுபிடித்தார். எனக்கு அந்த ஞாபகம் வந்தது. "இந்த ஆறும் ஒரே உயரம், ஒரே தடிமன் அப்பா. ஒருத்தி ரெண்டு இடத்துல உக்காந்தாலும் நமக்குத் தெரியாது இல்லியா?" என்றேன்.

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு துண்டையும் மற்ற ஒவ்வொன்றோடும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லி அந்தக் கிழட்டு இயந்திரத்துக்குக் கட்டளை தட்டினார். ஒன்றும் இரண்டும் வேறு வேறு. ஒன்றும் மூன்றும் வேறு. ஒவ்வொரு ஜோடிக்கும் எங்கெங்கே வித்தியாசம் என்று எழுதி எழுதித் திரை மேலே ஓடியது. நாங்கள் காப்பி குடித்தோம். மழை வந்து நின்றது. இரண்டையும் ஆறையும் சேர்த்துப் பார்த்தபோது திரை ஓடவில்லை. ஒரே ஒரு வரி வந்தது. வித்தியாசம் இல்லை.

அப்பா சத்தமாகச் சிரித்ததை அன்றுதான் கேட்டேன். "அளியா! இங்க வா. உனக்க ரெண்டும் ஆறும் ஒரே ஆளாக்கும்!"

மாமா சோற்றுக் கையோடு ஓடிவந்தார். நெற்றியில் கை வைத்து யோசித்தார், நெற்றியெல்லாம் சோறு. செவ்வாய்க்கிழமை ஆறாவது மெயிலைத் திறக்கப் போனபோது யாரோ ஒருவர் விசா தாளைப் பிரிண்ட் எடுக்க வந்திருக்கிறார். அவரோடு குவைத் பற்றியும் துபாய் பற்றியும் பேசி அனுப்பிவிட்டுத் திரும்பியவர், இரண்டாவது மெயிலைத் திறந்து, அதை ஆறாவது என்று பெயரிட்டு வைத்துவிட்டார். அந்தத் தப்பு கஃபே கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்துகொண்டு தினமும் எங்கள் வீட்டுக்கு விருந்து வந்துகொண்டிருந்தது.

"வாறேன் அத்தான், அரை மணிக்கூர்" என்று மாமா கையைக் கழுவாமலே ஸ்கூட்டரை எடுத்தார். இனி இவரைத் தனியே அனுப்பக் கூடாது என்று நானும் பின்னால் ஏறிக்கொண்டேன்.

கஃபே திரையில் ஏழு மெயில்களும் வரிசையாக நிற்பதை அன்று பார்த்தேன். ஏழுக்கும் எதிரே, தலைப்பில், அம்மாவின் பெயர். என் விரலை வைத்து மேலிருந்து எண்ணி, ஆறாவதைத் தொட்டுக் காட்டினேன். "இதுதானே?" என்று மாமா கேட்டார். "இதுதான்." "ஒறப்பா?" "ஒறப்பு." சொட்டுச் சொட்டாக அது இறங்க ஆரம்பித்தது. பேக்கரியிலிருந்து வெண்ணெய் வாசனை மேலே வந்தது. ஒருவர் உள்ளே வந்து ஏதோ கேட்டார். மாமா வாயில் விரலை வைத்து, அவரைக் கைகாட்டி உட்காரச் சொன்னார். இருபது நிமிடம் மாமா பேசாமல் இருந்தார். மூச்சு முட்டவில்லை.

இறங்கியதும் அளவைப் பார்த்தோம், இரண்டாவதோடு ஒப்பிட்டும் பார்த்தோம். வேறுதான். பிளாப்பியை நானே வைத்துக்கொண்டேன். மழைக்கோட்டுக்குள், சட்டைக்குள், வயிற்றோடு அணைத்து. ஜங்ஷனில் கரண்டுக்காரர்களின் டிரான்ஸ்பார்மர் ஒன்று உண்டு. அதன் பக்கத்தில் போகவே கூடாது என்று அடம் பிடித்து, மாமாவை ரப்பர் தோட்டத்து மண்பாதை வழியாகச் சுற்றிப் போகவைத்தேன். இரண்டு இடத்தில் ஸ்கூட்டர் சேற்றில் வழுக்கியது. "மக்கா, விழுந்தா நானும் நீயும் கேடாயிடுவோம்" என்றார் மாமா. "பிளாப்பிய மேல தூக்கிப் பிடிச்சுக்கிடுதேன்" என்றேன்.

வீட்டு வாசலில் இறங்கியபோது கரண்ட் போயிருந்தது. எங்கோ கம்பி மேல் மரம் விழுந்துவிட்டதாம். விடிந்துதான் வரும் என்றார்கள்.

சனிக்கிழமை காலையிலும் வரவில்லை. கேக் வாங்கிவர மாமாவும் நானும் நெய்யாற்றின்கரைக்குப் பஸ் ஏற வேண்டியிருந்தது. நான் வரமாட்டேன் என்று தூணைப் பிடித்துக்கொண்டேன். கேக்கில் என் பெயரை நான்தான் சரிபார்க்க வேண்டும், போன வருடம் மாமா தனியாகப் போய் வேறொரு பிள்ளையின் கேக்கை வாங்கிவந்ததை மறந்துவிட்டாயா என்று அப்பா கேட்டார். அது நியாயமாக இருந்தது. போனேன்.

திரும்பி வந்தபோது ரோட்டிலிருந்தே வீட்டு விளக்கு எரிவது தெரிந்தது. ஓடினேன். அப்பாவின் அறைக்கதவு சாத்தியிருந்தது. தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். மாமாவின் வாக்மேன் இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, கம்ப்யூட்டர் பக்கம் லேசாகச் சாய்ந்தபடி அப்பா உட்கார்ந்திருந்தார். நான் வந்தது தெரியவில்லை. தோளைத் தொட்டதும் திடுக்கிட்டுத் திரும்பினார். கண் சிவந்திருந்தது, ஆனால் முகமெல்லாம் சிரிப்பு. அந்த இரண்டும் ஒரே முகத்தில் எப்படி என்று நான் நின்று யோசிக்கவில்லை.

"தொறந்துட்டா?"

"தொறந்துட்டு மக்கா."

"இப்பமே போடுங்க!"

"சாயங்காலம், எல்லாரும் வந்த பெறகு. எனக்கு இதுல ஒரு சின்ன வேலை பாக்கி உண்டு" என்று என்னை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தச் சின்ன வேலை மத்தியானச் சாப்பாடு வரை நீண்டது. ஏதோ ஒரு வாக்கியத்தின் வாலை மறுபடி மறுபடி ஓட்டி நிறுத்துவது போல, மவுஸ் தட்டும் ஓசை மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

சாயங்காலம் டீச்சரும் அவர் கணவரும் வந்தார்கள். எங்கள் சந்துப் பிள்ளைகள் எல்லோரும் வந்தார்கள். காரோட்டு ஸ்பீக்கர்கள் அறையின் இரண்டு மூலைகளிலும் கல்யாண மாப்பிள்ளைகள் போல நின்றன. கேக்கில் என் பெயர் சரியாக இருந்தது. அப்பா கம்ப்யூட்டர் பக்கத்தில் எழுந்து நின்று தொண்டையைச் செருமினார். எல்லோரும் அவரையே பார்த்தோம். அவர் கூட்டத்தில் பேசி யாரும் கேட்டதில்லை.

"நாலாவது பிளாப்பி கொஞ்சம் கேடாக்கும். நடுவுல ஒரு எடத்துல ஒண்ணும் கேக்காது. யாரும் ஒண்ணும் நினைக்கப்பிடாது."

"அது எப்பிடி அத்தான்?" மாமா உடனே ஆரம்பித்தார். "நாலு கேடுன்னா பின்ன அஞ்சு, ஆறு, ஏழு ஒண்ணுமே…"

அப்பா அவரைப் பார்த்தார். அவ்வளவுதான், பார்த்தார். மாமாவின் வாய் திறந்தபடியே கொஞ்சநேரம் நின்றது.

"ஆங்," என்றார் பிறகு. "சிலப்பம் அப்பிடியும் வரும். பழைய பிளாப்பி இல்லியா." சொல்லிவிட்டு ஒரு கோளாறும் இல்லாத ஸ்பீக்கர் வயரைச் சரிசெய்யக் குனிந்துகொண்டார். அவர் முதுகு ரொம்ப நேரம் குலுங்கிக்கொண்டிருந்தது.

பிறகு அம்மா பேசினாள்.

"மக்கா, இது அம்மையாக்கும் பேசுதேன்" என்று இரண்டு மூலையிலிருந்தும் ஒரே சமயத்தில் வந்தது. வாழையிலையில் மழை விழுகிற மாதிரி அடியில் ஒரு இரைச்சல். அதற்கு மேலே சுத்தமாக, கிட்டத்தில், அம்மா. கேள்வி கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்காக அவள் இடம் விட்டிருந்தாள். அதுதான் விசேஷம். "பிறந்தநாளுக்குத் தலையில எண்ணெ வெச்சுக் குளிச்சியா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தாள். "குளிச்சேன்" என்றேன். "கள்ளம் சொல்லாத மக்கா" என்றாள், மிகச் சரியாக. வீடே அதிர்ந்தது. டீச்சர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். உடனே அம்மா, "இப்பம் உனக்க மாமா சிரிக்கியான் இல்லியா? எலே, சிரிக்காத. நீ குளிச்சியாலே?" என்றாள். மாமா குளிக்கவில்லை. எழுந்து நின்று ஸ்பீக்கரைப் பார்த்து, "இல்லக்கா" என்றார்.

வார்டில் இருந்த ஓர் அரபிக் கிழவியைப் பற்றிச் சொன்னாள். ஊசி போடும்போதெல்லாம் அம்மா "வலிக்குதா?" என்று கேட்டுக் கேட்டு, கிழவி அதைப் பிடித்துக்கொண்டுவிட்டாளாம். இப்போது பெரிய டாக்டர் உள்ளே வந்தால், அவர் கையைப் பிடித்துக் கவலையோடு "வலிக்குதா?" என்கிறாளாம். அறையில் கூட இருப்பவள் பாயசம் வைத்துப் பாத்திரத்தைத் தீய்த்த கதையைச் சொன்னாள். நாங்கள் சிரிக்கும்போது அவளும் நிறுத்தினாள். நாங்கள் ஓய்ந்ததும் தொடர்ந்தாள். இரண்டாயிரம் மைலுக்கு அப்பால் உட்கார்ந்துகொண்டு அம்மா எங்கள் சிரிப்பை அளந்து வைத்திருந்தாள்.

"கேக்கு வெட்டியாச்சா? கொள்ளாம். பின்ன…" என்றபோது அந்த இடம் வந்தது. இரைச்சல்கூட இல்லாத சுத்தமான மௌனம், ஒரு நொடி. பிறகு, "…கேட்டியளா?" என்று ஒரு சொல் மட்டும், மிக மெதுவாக. அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து வழக்கமான குரலில், "செரி மக்கா, இனி ஒரு பாட்டு பாடட்டா?" என்று பாட ஆரம்பித்தாள். கோவிலில் பாடுகிற பாட்டு. சுருதி அங்கங்கே போயிற்று. டீச்சர் கோவிலுக்கு வருகிறவர் இல்லை. ஆனாலும் கூடப் பாடினார். பாட்டு முடிந்ததும் நாங்கள் மறுபடியும் முதலிலிருந்து போட்டோம். மொத்தம் ஐந்து முறை. ஐந்தாவது முறை பிள்ளைகளெல்லாம் சேர்ந்து "கள்ளம் சொல்லாத மக்கா" என்று கத்தினார்கள்.

எனக்கு அந்த நாலாவது பிளாப்பி மேல் மட்டும் தீராத கோபம். காந்தத்தையும் போன் லைனையும் இரட்டைப் பிள்ளைகளையும் வென்று வந்த பிறகு, ஒரு பிளாப்பி அம்மாவின் பேச்சில் கொஞ்சத்தைத் தின்றுவிட்டதே! சிவப்பு மையில் அதன் மேல் 'கேடு' என்று எழுதிக் குப்பையில் போட்டேன். மறுநாள் பார்த்தால் அது அப்பாவின் மேஜை இழுப்பறைக்குள், பிளான் தாள்களுக்கு அடியில் இருந்தது. அப்பா எதையும் தூக்கி எறிய மாட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது என் வேலையே இதுதான். திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனியில், கெட்டுப்போன கோப்புகளையும் திறக்க மறுக்கும் மூட்டைகளையும் பழைய டிஸ்க்குகளிலிருந்து மீட்டுக் கொடுக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், துண்டுகளாக வெட்டிய மூட்டை ஒன்று மேஜைக்கு வந்தது, நடுத்துண்டு கெட்டிருந்தது. அதற்குப் பிறகு வந்த துண்டுகள் எல்லாம் ஒழுங்காக இருந்தும், ஒரு எழுத்தைக்கூட வெளியே எடுக்க முடியவில்லை. எடுக்க முடியாதுதான். நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, பக்கத்து இருக்கைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரிக்க ஆரம்பித்தேன். நாலாவது பிளாப்பி கெட்டிருந்தால் அம்மாவின் பாட்டு எங்கிருந்து வந்தது? கெட்டுப்போன இடம் வாக்கியத்தின் நடுவில் அறுந்திருக்கும், கரகரத்திருக்கும். மூச்சு விடும் இடம் பார்த்து ஆரம்பித்து, மூச்சு விடும் இடம் பார்த்து முடிந்திருக்காது. மாமா பன்னிரண்டு நிமிடம் என்றார். நாங்கள் கேட்டது பத்து. என்னை நீ, வா, போ என்று பேசுகிற அம்மா யாரைப் பார்த்துக் "கேட்டியளா" என்றாள்? எங்கள் ஊரில் மனைவி கணவனைக் கூப்பிடும் சொல் அது. அந்த ஒரு சொல்லை மட்டும் வெட்டத் தவறியிருக்கிறார், அல்லது வெட்ட மனம் வரவில்லை. அப்பாவிடம் ஒருமுறை கேட்டேன். "பிளாப்பி கேடு" என்றார், அன்றைய அதே முகத்தோடு.

அப்போது எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? அடுத்த வெள்ளிக்கிழமை போன் வந்ததும் நான்தான் முதலில் பாய்ந்து எடுத்தேன். எல்லாம் கேட்டோம், நாலாவது பிளாப்பி மட்டும் கெட்டுவிட்டது, கேக் வெட்டியாச்சா என்று கேட்டதற்கும் பாட்டுக்கும் நடுவில் என்ன சொன்னாயோ அதை இப்போது சொல், நான் நோட்டில் எழுதி எல்லோருக்கும் வாசித்துக் காட்டுகிறேன் என்றேன். மறுமுனையில் சத்தமே இல்லை. லைன் அறுந்துவிட்டது என்று "கேக்குதா? கேக்குதா?" என்று கத்தினேன். பிறகுதான் தெரிந்தது, அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். நாலு வாக்கியத்துக்கான நேரத்தை முழுக்கச் சிரிப்பிலேயே செலவழித்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஆத்திரமாக வந்தது.

"அது இனி போனுல சொல்லுக சங்கதி இல்ல மக்கா" என்றாள் கடைசியில். "லீவு கிட்டிச்சு. டிசம்பர்ல வாறேன். நேருல வந்து சொல்லுதேன்னு அப்பாக்கிட்ட சொல்லு."

டிசம்பர் என்ற சொல் காதில் விழுந்ததும் நான் நோட்டையும் பேனாவையும் வீசி எறிந்துவிட்டு முற்றத்துக்கு ஓடினேன். அப்பா வாழைகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அம்மா டிசம்பரில் வருகிறாள், பிளாப்பியில் கெட்டுப்போனதை நேரில் சொல்கிறாளாம் என்று மூச்சிரைக்கச் சொன்னேன். அப்பா "ஓ" என்றார். அப்படியே திரும்பி, வாளியை எடுத்துத் தண்ணீர் மொண்டு, ஒவ்வொரு வாழையாக ஊற்றத் தொடங்கினார். ஒரு வாழைக்கு இரண்டு தடவையும் ஊற்றினார். பெரிய மழை பெய்து விட்டுப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, முற்றமெல்லாம் வெள்ளம். கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டு, இந்த அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.